குடுமியான்மலைக்கு இரண்டு டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டலம் மெயின் ரோட்டில் டீ குடிக்க நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் கிளம்புவார்கள். கேட்டால் மாமல்லபுரம் என்பார்கள். ஒரகடம், செங்கல்பட்டு வழியாகப் போய், கடற்கரைக் கோயில் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்கள்.

"நம்ம காலத்துல இதெல்லாம் ஏது சார்? திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போனாலே பெரிசு" என்றார் கூட டீ குடித்த நண்பர். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது, நாங்கள் இரண்டு பேரும் சொன்னது பொய். நம் காலத்திலும் மாமல்லபுரம் இருந்தது, பஸ்ஸும் இருந்தது. நாம் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சங்கீதப் பைத்தியம் தெரியும். அம்பத்தூரில் வேலை பார்த்த நாளிலிருந்தே மார்கழி வந்தால் எனக்கு வீடு தங்காது. 1998-ல் இந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு மாறி வந்த பிறகும் விடவில்லை. காலை ஷிப்ட் முடிந்ததும் நேரே பஸ் ஏறி, பூந்தமல்லியில் மாறி, மயிலாப்பூரோ தி.நகரோ போய்ச் சேர்ந்து, மாலைக் கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்ப நடுராத்திரி ஆகிவிடும். வீட்டில் ரசம் சூடாக இருக்கும். மறுநாள் காலை ஐந்து மணிக்கு டிபன் பாக்ஸ் தயாராக இருக்கும். அதெல்லாம் தானாக நடப்பது போலத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் வீணை கற்றுக்கொண்டவர். பெண் பார்க்கப் போனபோது வாசித்தும் காட்டினார். அதைக் கேட்டுத்தான் எங்கள் அப்பா உடனே சரி என்றார். கல்யாணம் 1985-ல். ஒண்டுக்குடித்தனத்தில் வீணை வைக்க இடமில்லை என்பதால் அது அவர் பிறந்த வீட்டிலேயே இருந்தது. பிறகு குழந்தைகள், அதன் பிறகு என் அம்மாவின் நீண்ட படுக்கை. எப்போதோ ஒரு நாள் வீணையை விற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். "அப்படியா" என்று கேட்டுவிட்டு ரேடியோவைத் திருப்பினேன்.

இனி பயணத்துக்கு வருகிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய குன்றில் மேலைக்கோயில் என்ற குடைவரை இருக்கிறது. அதன் பக்கத்துப் பாறையில் ஒரு பெரிய இசைக் கல்வெட்டு. பல்லவ கிரந்த எழுத்தில், வரி வரியாக வெறும் சுரங்கள். ஏழு பகுதி, ஒவ்வொன்றும் ஒரு பழைய ராகத்துக்கு. ஏழாம் நூற்றாண்டு என்று பலரும் கணிக்கிறார்கள். 1904-ல் கவனத்துக்கு வந்த இதை, பண்டார்கர் என்ற அறிஞர் 'எபிகிராபியா இண்டிகா' 12ஆம் தொகுதியில் ஆராய்ந்து பதிப்பித்தார். ச, ரி, க, ம என்று நாம் பாடும் எழுத்துகளேதான். ஆனால் ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என்று நான்கு விதமாக வருகிறது. இந்த உயிரெழுத்து மாற்றம் எதற்கு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் செய்தது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. கல்வெட்டில் அரசன் பெயர் இல்லை. ருத்ராசாரியார் என்பவரின் சீடரான, சிவபக்தரான ஓர் அரசர் மாணவர்களின் நன்மைக்காகச் செய்தார் என்று மட்டும் இருக்கிறது.

சங்கீதக்காரர்களுக்கு இது காசி மாதிரி. வேலையில் இருந்தபோதே போக ஆசை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2016-ல் ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால், பேரன், கொரோனா என்று தள்ளிப்போனது. போன தை மாதம் தனியாகக் கிளம்பத் தயாரானேன். டிக்கெட் போடச் சொன்னபோது என் மகள் கேட்டாள்: "அப்பா, ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒன்று என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் இரண்டு என்றேன். பெருமைப்பட எதுவுமில்லை.

தாம்பரத்தில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். புளியோதரை, தயிர் சாதம், ஒரு பிளாஸ்க் வெந்நீர். நாங்கள் இரண்டு பேர் மட்டும், கல்யாணம், கருமாதி, வேண்டுதல் எதுவும் இல்லாமல் ரயிலில் போனது அதுதான் முதல் தடவை. அரியலூர் தாண்டிய பிறகு அவரே சொன்னார்: "என்னங்க, யாருக்கோ உடம்பு சரியில்லன்னு போற மாதிரியே இருக்கு." இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அதில் எவ்வளவு உண்மை!

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம். முன்மண்டபத் தூண்களில் ஆள் உயரச் சிலைகள். ரதி சிலை முன்னால் என் மனைவி வெகுநேரம் நின்றார். அங்கே ஒரு தலபுராணம் சொல்கிறார்கள். கோயில் அர்ச்சகர் சுவாமிக்கு வைத்த பூவைத் தன் காதலிக்குச் சூட்டிவிட்டார். எதிர்பாராமல் அரசர் வந்துவிடவே, அவள் தலையிலிருந்த பூவையே எடுத்து வந்து பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் தலைமுடி இருந்தது. ஏன் என்று அரசர் கேட்க, "சுவாமிக்குக் குடுமி உண்டு" என்று அர்ச்சகர் சொல்லிவிட்டார். அவரைக் காப்பாற்ற லிங்கமும் குடுமியோடு காட்சி கொடுத்ததாம். சிகாநாதர் என்ற பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் இதுதான் கதை. காதலுக்காகச் சொன்ன பொய்க்கு சுவாமியே சாட்சிக்கு வந்த ஊர். இந்தக் கோயிலிலேயே பாண்டியர் காலத்தில் ஒரு தேவரடியார் பெண் நிலம் விலைக்கு வாங்கி அம்மன் சந்நிதி கட்டினார் என்று கல்வெட்டு சொல்கிறது.

பிறகு பாறை எழுத்துக்கு வந்தோம். கிரந்தம் எனக்குப் படிக்க வராது. அதனால் முன்பே கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து, அச்சில் இருந்ததைப் பார்த்து ஐந்தாறு வரிகளைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை விரித்துக்கொண்டு, வாத்தியார் மாதிரி விளக்க ஆரம்பித்தேன். மகேந்திரவர்மன், பரிவாதினி என்ற ஏழு தந்தி வீணை, திருமயத்திலும் மலையக்கோயிலிலும் அந்தப் பெயர் கல்லில் இருப்பது என்று கால் மணி நேரம் பேசியிருப்பேன்.

"அந்த நோட்டைக் கொடுங்க" என்றார்.

கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டே போனார். "இது நாலு நாலு சுரமா வருதுங்க. ஒரு வரிக்குப் பதினாறு கட்டு. வீணைக்குத்தான்." பிறகு இன்னொரு இடத்தில் விரல் நின்றது. "இங்க மூணுதான் இருக்கு. ஒண்ணை விட்டுட்டீங்க."

ஊருக்கு வந்து சரிபார்த்தேன். விட்டிருந்தேன்தான்.

அதன் பிறகு, யாரும் பக்கத்தில் இல்லை என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் ஒரு வரியைச் சுரமாகவே பாடினார். அந்தக் காலத்து இசை அப்படித்தான் ஒலித்தது என்று சொல்ல வரவில்லை. அவருக்குத் தெரிந்த சுரஸ்தானத்தில் பாடினார். குரல் கொஞ்சம் நடுங்கியது. இடது கை விரல்கள் புடவை மடிப்பின் மேல், இல்லாத வீணையில், மெட்டு மெட்டாக நகர்ந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு வித்வாம்சத்தைப் பூட்டிய வீட்டில் இருந்துகொண்டு, அதே வீட்டிலிருந்து நான் மட்டும் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். என்னைப் போல ரசிகன் என்று சொல்லிக்கொண்ட ஆண்கள் பலருடைய ரசனை வேறொருவருடைய நேரத்தில் வளர்ந்தது. அந்த அரசர் ரசிகர்களுக்காகப் பாறையில் எழுதவில்லை. கற்றுக்கொள்பவர்களுக்காக எழுதினார். எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டவர் அவர். கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான். டிக்கெட் மட்டும் எனக்கு.

"குடும்பம் என்றால் அப்படித்தான், எல்லாரும் விட்டுக்கொடுத்ததுதான்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். உண்மை. நானும் விட்டுக்கொடுத்திருக்கிறேன். இரவு ஷிப்டும் ஓவர்டைமும் சந்தோஷத்துக்காகப் பார்க்கவில்லை. ஆனால் நான் விட்டுக்கொடுத்தது தூக்கத்தை. மார்கழியை விடவில்லையே. அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டால் மிச்சம் என் பக்கம்தான் நிற்கிறது.

இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். துருக்கியில் அய்தின் என்ற ஊர்ப் பக்கம் கிடைத்த ஒரு சிறிய கல் தூண் இப்போது டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கிரேக்கப் பாட்டு, சுரக் குறிப்போடு முழுதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வயது ஏறக்குறைய 1,900 வருஷம். உலகத்தில் முழுதாகக் கிடைத்த மிகப் பழைய பாட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். செய்கிலோஸ் என்பவர் வைத்த நினைவுக் கல். இறந்துபோன மனைவிக்காக வைத்தார் என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் கல்லே பிறகு ஒரு வீட்டில் பூந்தொட்டி வைக்கும் பீடமாக இருந்ததாம். செய்கிலோஸைக் குறை சொல்லவில்லை. ஆனால் நமக்குக் கல் எதற்கு? ஆள் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே செய்யலாமே.

திரும்பி வந்ததும் வீணை வாங்கலாம் என்றேன். அவர் விரல்களை நீட்டிக் காட்டினார். "காலைல மடக்கவே வரல. இனிமே எதுக்குங்க?" நான் வற்புறுத்தவில்லை. சில பாக்கி திரும்பக் கட்ட முடியாதது. அதை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றுகிறது. கட்ட முடிந்ததைக் கட்டலாம். இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை எந்தக் கச்சேரி கேட்பது என்று அவர்தான் முடிவு செய்கிறார். அவருக்கு வீணை, எனக்கு வாய்ப்பாட்டு. பெரும்பாலும் வீணைதான். கேட்கும்போது இடையிடையே "இது சரியில்ல" என்கிறார். அது எனக்குத் தெரிவதே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். கல்வெட்டைத் தடவிப் பார்க்க வேண்டாம், சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பிப் பார்ப்பது அதைவிடத் தப்பு. மலை மேல் ஏற முடியாதவர்களுக்கும் கீழே பார்க்க நிறைய இருக்கிறது.

தூரம் முடியாது என்றால் நமக்கு மாமல்லபுரம் இருக்கவே இருக்கிறது. பைக் வேண்டாம், பஸ் போதும். நம் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு காலத்தில் என்ன பிடித்திருந்தது என்று போகும் வழியில் கேளுங்கள். பாட்டாக இருக்கலாம், கோலமாக இருக்கலாம், கணக்காகக்கூட இருக்கலாம். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். அவர்களும் மறந்திருப்பார்கள்.

வருகிற மார்கழிக்கு இரண்டு டிக்கெட் வாங்கச் சொல்லி மகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ராத்திரி சாப்பாடு வெளியில்தான்.