டெல்லிக்கு மேலே கார்பன் டை ஆக்சைடு குறைவது ஏன்? பயணிகள் விமானங்கள் காட்டிய கோதுமை வயல்கள்

ஜனவரி மாத மதியம், டெல்லியில் தரையிறங்கும் விமானத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே கோடிக்கணக்கான மக்கள், வாகனங்கள், அடுப்புகள். இறங்க இறங்க காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கிட்டேதான் போகும்னு நினைப்பீங்க. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை, மதிய நேரங்களில் கீழ் அடுக்குகளில் அது குறைவதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

இதற்கென்று தனி விமானம் எதையும் அவர்கள் பறக்கவிடவில்லை. ஜப்பான் ஏர்லைன்ஸின் பயணிகள் விமானங்களில் 2005 முதல் அளவுக் கருவிகளை வைத்துவரும் ‘கான்ட்ரெயில்’ திட்டத்தின் தரவுகள்தான் இவை. ஏசி குழாய் வழியே வரும் வெளிக்காற்றைக் கருவி எடுத்துக்கொள்ளும் (கேபினுக்குள் நாம் விடும் மூச்சு அதில் கலக்காது). கார்பன் டை ஆக்சைடு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். எவ்வளவு ஒளி குறைகிறது என்பதை வைத்து வாயுவின் அளவு கணக்கிடப்படும். ஒவ்வொரு டேக்-ஆஃபும் லேண்டிங்கும் உயரவாரியான ஓர் அளவீடு.

சரி, உயரம் ஏன் முக்கியம்? தரையில் வைத்த கருவி, பக்கத்து சிக்னலில் நிற்கும் லாரியைத்தான் முதலில் பார்க்கும். மதிய வெயிலிலோ தரைக்காற்று மேலெழுந்து நன்றாகக் கலந்துவிடும். அந்த அடுக்கில் இருப்பது நகரக் காற்று மட்டுமல்ல, சுற்றுவட்டார வயல்களைத் தொட்டு வந்த காற்றும்தான். அங்கே அப்போது கோதுமை வளரும் சீசன். அந்தப் பயிர் பகலில் உறிஞ்சும் கார்பன், ஒரு பெருநகரத்தின் புகையையே கணக்கில் மிஞ்சுகிறது.

அப்போ டெல்லி காற்று சுத்தமா? இல்லவே இல்லை. மூச்சைத் திணறடிக்கும் நுண்துகள்கள் வேறு விவகாரம். ஆனால் இரண்டும் ஒரே வயலில் சந்திக்கின்றன. அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானாவில் நெல் வைக்கோலை எரிப்பது, அடுத்து கோதுமை விதைக்க நிலத்தைச் சீக்கிரம் காலி செய்யத்தான்.

கோதுமை உறிஞ்சிய கார்பனும் அங்கேயே தங்கிவிடாது. சப்பாத்தியாக நாம் சாப்பிட்டதும், மிச்சம் மட்கியதும் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். எனவே ‘வயல் உறிஞ்சுகிறது’ என்ற ஒரே காரணத்துக்காக விவசாயிகளுக்கு கார்பன் கிரெடிட் என்று யாராவது சொன்னால், எந்த மாதத்தில், எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். குளிர்கால மூன்று மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காகக் காட்டுவது ரொம்ப சுலபம்.