ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் முழுவதும் படியுங்கள்.

என் அக்கா மகன் போன மாதம் வந்து, "மாமா, ப்ராஜெக்ட் சென்டருக்கு 15,000 கட்டணும், அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். என்ன ப்ராஜெக்ட் என்றேன். மெடிக்கல் இமேஜ் ரெஜிஸ்ட்ரேஷனாம். அப்படியென்றால் என்னடா என்று கேட்டால் தெரியவில்லை. "அதெல்லாம் வைவாவுக்கு முந்தின நாள் அவங்களே சொல்லித் தருவாங்க" என்கிறான். அதே ப்ராஜெக்ட்டை முன் அட்டையை மட்டும் மாற்றி அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்கு விற்பார்கள். இதற்குப் பெயர் படிப்பா?

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வரைபடத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கரையோடு கரை பொருந்துகிறதா என்று நகர்த்தி நகர்த்திப் பார்ப்போமே, அதுதான் இது. போன வருஷம் எடுத்த ஸ்கேனையும் இன்று எடுத்த ஸ்கேனையும் கம்ப்யூட்டர் அப்படிப் பொருத்தினால்தான் கட்டி வளர்ந்ததா, தலை கொஞ்சம் திரும்பியிருந்ததா என்று தெரியும். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவிலிருக்கும் சிசுக்களின் மூளைப் படங்களை 'தரணி' என்ற பெயரில் வெளியிட்டது. 5 மூளைகள், 5,132 சீவல்கள். சீவிய ஒவ்வொன்றும் கண்ணாடித் தகட்டில் கொஞ்சமாவது விலகும், சுருங்கும். அத்தனையையும் சரியாகப் பொருத்தினால்தான் முழு மூளை முப்பரிமாணத்தில் தெரியும். படங்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். நம் சென்னையில் நடந்த வேலை!

இந்தப் பொருத்துகிற வேலைக்கான மென்பொருள் இலவசமாகவே இருக்கிறது. ஐடிகே என்று ஒன்று. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1999இல் பணம் போட்டுத் தொடங்கி வைத்தது. அதன் மேல் கட்டிய எலாஸ்டிக்ஸ் இன்னொன்று. மூல நிரலோடு கிடைக்கும். ஆனால் மூல நிரலாகக் கிடைப்பது வேறு, நம் கம்ப்யூட்டரில் ஓடுவது வேறு.

அரசுப் பாடநூல் அச்சாகி குடோனில் கிடந்தால் மட்டும் போதுமா? வகுப்பு வாரியாகப் பிரித்து, எண்ணிக் கட்டி, ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். எத்தனை வருஷம் நாங்கள் வேன் பிடித்துப் போய் கட்டுக் கட்டாகத் தூக்கி வந்தோம் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த வேலைக்குப் பேக்கேஜிங் என்று பெயர். எந்த மென்பொருள் எதை நம்பி நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமம் சரியா என்று பார்க்க வேண்டும். பல வகைப் பிராசஸர்களில் கட்டிப் பார்க்க வேண்டும். புதிய பதிப்பு வந்து ஏதாவது உடைந்தால் மறுபடி உட்கார வேண்டும். மருத்துவ மென்பொருளுக்கென்றே அங்கே 2002இலிருந்து டெபியன் மெட் என்று ஒரு குழு இயங்குகிறது. பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. பார்க்க ஆளில்லாத பேக்கேஜ்களை 'அநாதை' என்றே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசிவரை ஆள் வராவிட்டால் சிலவற்றை நீக்கியும் விடுகிறார்கள்.

இந்த டெபியன் நமக்கு அந்நியமில்லை. 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்று ஒன்று வந்ததே, சென்னை சி-டாக் உருவாக்கியது, அது டெபியன் மேல் கட்டியதுதான். நம் பிள்ளைகள் பலர் வாங்கிய வாரமே கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். கேரளாக்காரர்கள் பள்ளிக்கூடம் முழுக்க லினக்ஸ் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். டெபியனின் உலக மாநாடு 2023இல் கொச்சியில்தான் நடந்தது. சும்மா கொடுத்துவிடவில்லை. அங்கே உட்கார்ந்து பேக்கேஜ் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"இதைச் செய்தால் வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்பீர்கள். பேக்கேஜில் மாற்றம் செய்தவர் பெயரும் மின்னஞ்சலும் தேதியோடு அதன் சேஞ்ச்லாகில் நிற்கும். இன்டர்வியூ எடுப்பவர் அங்கேயே திறந்து பார்க்கலாம். 15,000 ரூபாய் ரெக்கார்ட் நோட்டில் என்ன பார்ப்பார்? புதியவர்கள் செய்ததை அனுபவஸ்தர் ஒருவர் சோதித்து, தப்பைச் சுட்டிக்காட்டி, சரியான பிறகுதான் ஏற்றுவார். நோட்டுத் திருத்துகிற மாதிரிதான். கல்லூரிகளில் ஒரு டிபார்ட்மென்ட் வருஷத்துக்கு ஒரு அநாதைப் பேக்கேஜைத் தத்தெடுத்தால் என்ன குறைந்துவிடும்? எச்ஓடிகளாக இருக்கிற என் மாணவர்கள் இதற்குக் கமென்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகளே, நம் மங்கலம்பேட்டையிலிருந்து உளுந்தூர்பேட்டை போய் பஸ் மாறினால் விழுப்புரம். அங்கே விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். அக்கா மகன் போகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பார்க்கலாம். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் சென்டருக்குக் கட்ட வேண்டும் என்று மட்டும் யாரும் என் வீட்டுப் படி ஏறாதீர்கள்.