கவுந்தி நடந்த வழி

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூரிலிருந்து மதுரை நோக்கித் தெற்கே நடக்கின்றனர். இன்று மருங்காபுரி வட்டாரத்தின் ஊடாகத் திருச்சி–மதுரை நெடுஞ்சாலை செல்லும் அதே திசை. அரங்கத்தையும் வேங்கடத்தையும் தொழ வந்த மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். கொடும்பையில் வழி மூன்றாகப் பிரியும் என்கிறான். இடப்பக்க வழியிலுள்ள திருமால்குன்றத்துப் பொய்கைகள் மூன்றில் மூழ்கினால் இலக்கண அறிவும், பழம்பிறப்புணர்வும், விரும்பியவை அனைத்தும் கைகூடுமாம்.

கவுந்தி அதனை வேண்டவில்லை. வாய்மை வழுவாது உயிர்களைப் பேணுவோர்க்கு எய்தாத பொருள் உண்டோ என்பது அவர் விடை. சமணத் துறவியின் சமயவாதம் என்று மட்டும் இதனை ஒதுக்கலாகாது. பயணத் தொடக்கத்திலேயே, நீர்க்கரையில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக்கூடும் என எச்சரித்தவர் அவர். பயணத்தின் பயனை அவர் ஒவ்வோர் அடியிலும் தேடினார்.

இன்றோ ஒரே நாளில் ஒன்பது தலங்கள் என்று கணக்கிடுகிறோம். ஊர்தியில் விரைவது பிழையன்று. முதியோர்க்கு அது தேவை. ஆயினும் உண்டெறிந்த இலையும் நெகிழிப்பையும் எந்த நீர்நிலையில் விழுந்தன என்று எண்ணாத பயணம் எவ்வாறு யாத்திரையாகும்?

இன்னொன்றும் கருதத்தக்கது. மறையோனைக் கவுந்தி இகழவில்லை. நீ விரும்பும் தெய்வத்தைத் தொழச் செல், யாங்களும் எம் வழி செல்வோம் என்றே விடைகொடுத்தார். இந்தப் பண்பையும் யாத்திரிகர் கற்க வேண்டும் என்பது என் கருத்து.