இரண்டு முழம் புளியாரை

“மிஸ், பட்டாம்பூச்சிக் குட்டி!” என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். உள்ளே, கழிப்பறைச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சாம்பல் நிறப் பூச்சி. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் “சீ” என்றார்கள். அவள் முகம் வாடிவிட்டது.

அவள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். இதய வடிவில் இறக்கையை விரித்து உட்கார்ந்தால் அது பட்டாம்பூச்சி போலத்தான் இருக்கும். லென்ஸைக் கொடுத்தேன். கம்பளி போர்த்தியதுபோல உடம்பெல்லாம் ரோமம்; மணி கோத்தது போன்ற உணர்கொம்பு. இறக்கையை எண்ணச் சொன்னேன். இரண்டுதான். ரோமத்தை ஊசிமுனையால் விலக்கினால், இன்னொரு ஜோடி இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக இரண்டு குமிழ். ஆக, இது ஈ. வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு இறக்கை. இறக்கை வந்த பிறகு அது வளர்வதும் இல்லை. எவ்வளவு சின்னதாகப் பறந்தாலும் அது குட்டி அல்ல.

அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனேன். மைதானம் முழுக்க பேவர் பிளாக் பதித்தாயிற்று. அங்கே மட்டும் இரண்டு முழம் மண் தப்பியிருக்கிறது. புளியாரை மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நீல வண்ணத்துப்பூச்சி. வயிற்று நுனியை வளைத்து இலையில் முட்டை வைத்தது. அதன் புழுவுக்குப் புளியாரைதான் சோறு. அதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்று குப்பைக்கீரையிலும் நெருஞ்சியிலும் வளரும். இவற்றைத்தான் களை என்று பிடுங்குகிறோம்.

2019-ல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். வகுப்பில் பெருமையாகச் சொல்கிறேன். அது காட்டுப் பூச்சி. என் மாணவிகள் பார்த்ததில்லை. அவர்கள் தினமும் பார்க்கக்கூடிய பூச்சியின் மேல் கல் பதிக்கிறோம்.

ஈக்கோ இடம் தாராளம். அதன் புழு கழிப்பறை ஜாலிக்குக் கீழே, குழாயின் உள்சுவரில் படிந்த வழுவழுப்பில் இருக்கிறது. வாராவாரம் ஊற்றும் ஆசிட் நடுவில் ஓடிவிடும், வழுவழுப்பு அப்படியே நிற்கும். ஜாலியைக் கழற்றித் தேய்க்க வேண்டும். கடிக்காத, அழுக்கைத் தின்கிற அந்த ஈயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. துப்புரவு செய்யும் அக்காவின் கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுப்பவர்கள் மேல் இருக்கிறது. நீளமான பிரஷும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள்.

அந்த இரண்டு முழத்திலும் அடுத்த மாதம் கல் பதிக்கப்போகிறார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே அந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.