தரைக்கும் ஒரு வரைபடம் வேண்டும்

புதுவீட்டில் சுவரோரம் நாடாவைப் போல் ஒரு வெட்டுத்துண்டு கிடந்தால், பழி உடனே டைல்ஸ் பதித்த தொழிலாளியின் தலையில் விழுகிறது. இதை நாம் மறுக்கிறோம். அத்துண்டு அவருடைய கைப்பிழையன்று. வீடு கட்டுவித்தோரின் திட்டமின்மை.

கணக்கைப் பாருங்கள். அறையின் அகலம் 370 செ.மீ.; தரையோடு 60 செ.மீ. சதுரம். இணைப்பு இடைவெளியை விட்டுவிடுவோம். ஒரு சுவரிலிருந்து தொடங்கினால் ஆறு முழு ஓடுகள் போக, எதிர்ச்சுவரில் 10 செ.மீ. துண்டு மிஞ்சும். சுவர் சற்றே கோணலாயிருப்பினும் அத்துண்டு ஒரு முனையில் பருத்து, மறுமுனையில் மெலிந்து, கோணலைப் பறைசாற்றும். மாறாக, அறையின் நடுக்கோட்டில் ஓர் ஓட்டின் நடுவைப் பொருத்தினால், ஐந்து முழு ஓடுகளும் இருமருங்கும் 35 செ.மீ. துண்டுகளும் அமையும். இரண்டும் பாதி ஓட்டினும் பெரியவை. சுவரின் குறையும் கண்ணை உறுத்தாது.

‘ஓடு வீணாகுமே’ என்பார்கள். வரிசைக்கு ஏறத்தாழ ஓர் ஓடு கூடுதலாகும் என்பது மெய்யே. ஆனால் வெட்டி மிஞ்சும் 25 செ.மீ. துண்டுகள் சுவரடிப் பட்டைக்கு ஆகுமே! வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் முடிவது இலக்கணம். ஓட்டு வரிசை பத்து செ.மீ. துண்டில் முடிவது எந்த இலக்கணம்?

இது புதிய வித்தையுமன்று. செட்டிநாட்டு வீடுகளில் ஆத்தங்குடிக் கற்கள் பாவிய தரைகளைக் கண்டோர் அறிவர்: சுற்றிலும் கரை, கரை திரும்பும் மூலைக்கென்றே தனிக்கல், நடுவில் உடல். சேலையின் இலக்கணமே தரைக்கும். நான்கு மூலைகளும் பொருந்த வேண்டுமெனில், முதற்கல் பதிக்குமுன்பே முழுத்தரையையும் கணக்கிட்டாக வேண்டும். கண்ணாடியின்மேல் வண்ணச் சாந்து ஊற்றிக் கையால் வார்த்த கல்லுக்குக் கிடைத்த முன்யோசனை, எந்திரத்தில் வார்த்த ஓட்டுக்குக் கிடையாமற் போனதேன்?

கூலிமுறையே முதற்காரணம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்தபின், சாந்தின்றி இரு வரிசை அடுக்கிப் பார்க்கும் நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? நூல் பிடித்து, மூலைமட்டம் வைத்து யோசிக்கும் தொழிலாளி அன்றைய வருவாயை இழக்கிறார். பொறியாளரின் வரைபடமோ பெரும்பாலும் சுவரோடு நின்றுவிடுகிறது.

நாம் கேட்பவை இரண்டே: ஓடு வாங்குமுன் தரைக்கொரு வரைபடம், அடுக்கிப் பார்க்கும் பொழுதுக்குத் தனிக்கூலி. இவ்விரண்டையும் தராதவர்க்குச் சுவரோரத் துண்டைக் காட்டித் தொழிலாளியை ஏசும் உரிமையில்லை.