கரண்டுக்கும் ஒரு கணக்கு உண்டு



தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் பிடிக்கும் தீ அந்தக் காம்பராவோடு நிற்பதில்லை. கூரை ஒன்றுதான். ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வெளியே நின்றுவிடும். சட்டி பானையைத் திரும்ப வாங்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணாமற்போனவரின் ஒரேயொரு படம், முறைப்பாடு கொடுத்த துண்டு, இவை எரிந்தால் என்ன பாடு என்பதை, இடப்பெயர்வு நெடுகிலும் அவற்றைப் பையில் சுமந்து திரிந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நான் வேலை செய்வது இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில். 1977, 1981, 1983 வன்செயல்களில் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. அதனால் உங்களில் சிலருக்கு இந்த லயங்கள் அம்மம்மா பிறந்த இடமாகவும் இருக்கலாம். இங்கே தீ விபத்து நடந்தால் "மின் ஒழுக்கு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அது எப்படி வருகிறது என்று பெண்களுக்கு யாரும் விளக்குவதில்லை. "கரண்ட் சமாச்சாரம் ஆம்பளைங்க வேலை மிஸ்" என்று என்னிடம் சொன்ன அக்காவின் வீட்டில் ஆண் துணை இல்லை. அப்படியானால் அந்த வீட்டில் யார் பார்ப்பது?

மூன்று சொற்களைத் தெரிந்துகொள்வோம். பீலித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் தள்ளப்படும். அந்தத் தள்ளுதல்தான் வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு அம்பியர். குழாய் ஒடுங்கியிருந்தால் தண்ணீர் தடைப்படுமல்லவா? அதுதான் தடை. தடையை அளப்பது ஓம் என்ற அலகில். ஜேர்மனியைச் சேர்ந்த ஜோர்ஜ் ஓம் 1827இல் இந்த மூன்றுக்குமுள்ள தொடர்பைப் புத்தகமாக எழுதினார். நமக்கு வேண்டியது இரண்டு வரிதான்.

வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் தடை.
வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வலு. இதை வாட் என்கிறோம்.

எங்கள் மகளிர் குழுவில் ஒருவர் சந்தையில் பழைய அயன் ஒன்றை வாங்கி வந்தார். அடியில் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. மின்வேலை தெரிந்த ஒருவர் கருவி வைத்து அளந்து, 230 வோல்ட்டில் 4.6 அம்பியர் எடுக்கிறது என்றார். மிச்சத்தைப் பெண்களே கணக்கிட்டார்கள். 230 ÷ 4.6 = 50 ஓம். 230 × 4.6 = 1058 வாட். அதாவது ஒரு மணித்தியாலம் முழுவதும் சூடேறிக்கொண்டிருந்தால் ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பட்டியலைப் பார்த்து மலைத்த நமக்கு, எந்தப் பொருள் எவ்வளவு தின்கிறது என்று தெரிவது நல்லதுதானே.

இனித் தீயின் கணக்கு. சிறிய வட்டப் பிளக் 5 அம்பியருக்கு உரியது. 5 × 230 = 1150 வாட். அயன் மட்டும் என்றால் தாங்கும். அதே வயரில் 1500 வாட் கேத்தலையும் கொழுவினால்? கேத்தலுக்கு 6.5 அம்பியர், அயனுக்கு 4.6. மொத்தம் 11.1 அம்பியர். இரண்டு மடங்குக்கும் மேல்!

பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயரில் வெறுமனே முறுக்கிச் சுற்றிய ஓர் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முறுக்கின் தடை 1 ஓம் என்றால், அங்கே உண்டாகும் சூடு அம்பியரை அம்பியராலேயே பெருக்கிய அளவு. அயன் மட்டும் என்றால் சுமார் 20 வாட். இரண்டும் சேர்ந்தால் 100 வாட்டுக்கு மேல். பெருவிரல் அளவு இடத்தில், காய்ந்த பலகைக்குப் பக்கத்தில், பழைய குண்டு பல்பின் சூடு! ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

"எங்களிடம் ட்ரிப் சுவிச் இருக்கிறதே" என்பீர்கள். அது மின் கசிவைக் கண்டு நிறுத்தி உயிரைக் காப்பது. வயரில் ஓட்டம் கூடுவதை அது பார்ப்பதில்லை. அதற்கு பியூஸ் அல்லது பிரேக்கர் வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைப் போட்டால், காவல்காரனை நாமே வெளியே அனுப்பியதாகிவிடும்.

மாலையில் ரைஸ் குக்கரில் சோறு வேகப் பிந்துவதற்கும் இதே கணக்குத்தான். வோல்ட் 190 ஆகக் குறைந்தால், 50 ஓம் பொருளுக்கு 3.8 அம்பியர்தான் கிடைக்கும். 190 × 3.8 = 722 வாட். மூன்றில் ஒரு பங்கு வலு போய்விட்டது. பொருளில் பழுதில்லை.

இந்த இரு மாவட்டங்களிலும் ஓடைத் தண்ணீரில் தாமே மின்சாரம் எடுத்த சிறு கிராமங்கள் பல இருந்தன. வீட்டுக்குக் கொஞ்ச வாட்தான் பங்கு. ஒரு வீட்டில் அளவை மீறினால் எல்லா வீட்டு விளக்கும் மங்கும். அங்கே வாட் கணக்கு வீட்டுப் பெண்களுக்கும் பழக்கமான பேச்சு. நமக்கும் அது வரும்.

இந்த மாதம் ஒன்று செய்வோம். வீட்டிலுள்ள மின்பொருட்களின் அடியில் எழுதியிருக்கும் வாட்டைக் கொப்பியில் குறித்து, 230ஆல் வகுத்து, எத்தனை அம்பியர் என்று எழுதுங்கள். ஒரே பிளக்கில் சேர்பவற்றைக் கூட்டுங்கள். 5ஐத் தாண்டினால் ஒன்றைக் கழற்றுங்கள். பிளக்கோ வயரோ தொட்டால் சுடுகிறதென்றால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு, தகுதியுள்ள மின்வேலையாளரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். கணக்கில் சந்தேகம் இருந்தால் எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவளும் படித்ததாக இருக்கும்.