சாக்ஸைப் பிழிஞ்சாச்சா பாஸ்?

நவம்பர் மாசம். காலை எட்டே கால். வேளச்சேரி விஜயநகர் பக்கம் ரோடே ஏரியா மாறிக் கிடக்கு. தலையில ஹெல்மெட், உடம்புக்கு ரெயின்கோட், புக்ஸ் வெச்ச பேக்குக்குக்கூட ஒரு பாலித்தீன் கவர். காலுக்கு? ரப்பர் செருப்பு! ஃபர்ஸ்ட் ஹவர் முழுக்க பெஞ்சுக்கு அடியில ஒரு குட்டிக் குளம். கரெக்டா பாஸ்?

நானும் ஃபைனல் இயர் வரைக்கும் இந்தக் கோஷ்டிதான். 'ஷூ நனைஞ்சா ரெண்டு நாள் காயாதுடா, செருப்புன்னா உதறிட்டுப் போயிட்டே இருக்கலாம்' என்பதுதான் எங்க செட்டோட தத்துவம். ஒரு மழை நாள்ல சிக்னல்ல வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஊன்றின இடம், ஸீப்ரா கிராஸிங் வெள்ளைப் பெயின்ட். ஈரத்துல அந்தப் பெயின்ட்டும், பாதாளச் சாக்கடை இரும்பு மூடியும் சோப்பு தேய்ச்ச பாத்ரூம் தரை மாதிரி. செருப்பு ஒரு பக்கம் போச்சு, கால் இன்னொரு பக்கம் போச்சு, பைக் நேரா கணுக்கால் மேல உட்கார்ந்துச்சு. ஓடின வண்டிகூட இல்லை பாஸ், நின்ன வண்டி! ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு இன்டர்னல் காலி. அப்பாவோட சேமிப்புல பெரிய ஓட்டை. 'அந்தக் காசுக்கு எத்தனை ஜோடி ஷூ வாங்கியிருக்கலாம்'னு அம்மா இன்னிக்கும் கணக்குச் சொல்றாங்க.

செருப்பு போட்டு ஓட்டினா ஃபைன் என்று ஒரு புரளி 2019-ல ஊரெல்லாம் சுத்துச்சு. அப்படியெல்லாம் கிடையாதுன்னு மத்திய அமைச்சர் அலுவலகமே மறுத்தது. ஆனா என் கணுக்காலுக்கு அந்த விஷயம் தெரியலையே!

சரி, கடைக்குப் போவோம். காலேஜுக்கும் போடணும், மழைக்கும் தாங்கணும், ஜீன்ஸுக்கும் செட் ஆகணும், ரோபோ மாதிரியும் தெரியக் கூடாது. இதுக்குன்னே சாதாரண ஸ்னீக்கர் மாதிரி இருக்கிற ரைடிங் ஷூக்கள் வருது. அட்டைப்பெட்டி மேல 'வாட்டர் ரெஸிஸ்டன்ட்'னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க. அது தூறலுக்கு. 'வாட்டர் ப்ரூஃப்' என்பதுதான் நம்ம ஊர் மழைக்கு. அதையும் நம்பாம, நாக்கு மாதிரி இருக்கிற பகுதியைத் தூக்கிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஷூவோட சேர்த்துத் தைச்சிருக்கணும். தனியா ஆடுச்சுன்னா, பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் லேஸ் இடுக்கு வழியா தண்ணி உள்ளே வந்துடும்.

உள்ளே மெல்லிசா ஒரு சவ்வு வெச்சிருப்பாங்க. கோர்-டெக்ஸ்தான் இதுல பெரிய பேரு. 1969-ல பாப் கோர் என்பவர் ஒரு பிளாஸ்டிக்கை வெடுக்குனு இழுத்தப்போ பிறந்த சமாசாரம். தண்ணித் துளி நுழைய முடியாத, ஆனா வியர்வை ஆவி வெளியே போற அளவுக்குப் பொடிப்பொடி ஓட்டைகள். விலை ரொம்ப எகிறும். வெளியே காற்றே ஈரமா இருக்கிற நம்ம சென்னையில அந்த ஆவியும் மெதுவாத்தான் வெளியேறும். அதனால அந்தப் பேருக்காக மட்டும் அப்பாகிட்ட அடம் பிடிக்காதீங்க.

எனக்குக் கேட்டா, தண்ணியைவிடக் கணுக்கால்தான் முக்கியம். கணுக்கால் எலும்பை மூடுற உயரம் இருக்கணும், அந்த இடத்துல உள்ளே தடிப்பா ஒரு கவசம் இருக்கணும். குதிகால் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்க. அப்பளம் மாதிரி மடங்கினா கீழே வெச்சிடுங்க. ஷூவுக்குள்ள ஒரு குட்டி பைக் படமும் இஎன் 13634 என்ற எண்ணும் இருந்தா அது ஐரோப்பிய டெஸ்ட் பாஸான சரக்கு. கூடவே நாலு இலக்கம் இருக்கும், எல்லாமே 1 அல்லது 2. உயரம், ரோட்டுல தேய்ஞ்சா தாங்குறது, வெட்டு தாங்குறது, பக்கவாட்டுல நசுங்காம இருக்கிறது... இந்த வரிசை. 2-தான் பெட்டர். பக்கத்துல 'டபிள்யூஆர்' இருந்தா தண்ணி டெஸ்ட்லயும் பாஸ்.

அவ்வளவு பட்ஜெட் இல்லையா? ஃபேக்டரிக்காரங்க போடுற சேஃப்டி ஷூவை எங்க செட்டுல பாதிப் பேர் போட்டாங்க. தப்பில்லை. ஆனா முன்பக்க இரும்புத் தொப்பி தடிமனா இருந்தா கியர் லீவருக்கு அடியில கால் நுழையாது. அதனால எந்த ஷூவா இருந்தாலும் வாங்குறதுக்கு முன்னாடி கடை வாசல்ல நிக்கிற உங்க வண்டியில உட்கார்ந்து கியரைத் தூக்கிப் பாருங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. சாயங்காலமாப் போங்க, அப்போ கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், சைஸ் சரியா வரும். லேஸ் நீளமா தொங்கினா உள்ளே சொருகிடுங்க. லீவர்ல மாட்டினா சிக்னல்ல காலை ஊன்றவே முடியாது, என் கதைதான்.

கம்பூட்? தண்ணிக்கு அது ராஜா. கணுக்காலுக்கு ஒண்ணும் பண்ணாது. வியர்வையில கால் வெந்துடும். கேம்பஸ்ல கிடைக்கிற பட்டப்பேர் ஃப்ரீ.

இன்னொரு விஷயம். வாட்டர் ப்ரூஃப் ஷூவுக்குள்ள மேல் வழியா தண்ணி போயிடுச்சுன்னா அது வாளி. வெளியே வராது! ரெயின் பேன்ட்டை ஷூவுக்குள்ள திணிக்காம மேலே இழுத்து விடுங்க. பேக்ல ஒரு ஜோடி காய்ஞ்ச சாக்ஸ் இருக்கட்டும். வாங்கின அன்னிக்கே பாத்ரூம்ல ஒரு டெஸ்ட்: உள்ளே நியூஸ்பேப்பர் திணிச்சு, ரெண்டு இன்ச் தண்ணியில பத்து நிமிஷம் நிறுத்துங்க. பேப்பர் நனைஞ்சிருந்தா பில்லோட கடைக்குத் திரும்பிடுங்க. அம்மாவோட நல்ல டப்பா வேண்டாம், பழைய பக்கெட்டா பார்த்து எடுங்க.